தடுத்துக் கேட்க ஆளில்லாத ஆய்வறை

இறந்தவர்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தான் உயிர் கொடுக்கப்போகும் உடல் எட்டடி உயரம் இருக்க வேண்டும் என்று விக்டர் ஃபிராங்கென்ஸ்டைன் முடிவெடுத்தது ஏன் என்பதை நாவலில் அவனே சொல்லிவிடுகிறான். மனித உடலின் நுண்ணிய பாகங்களை அவற்றின் இயல்பான அளவிலேயே செய்து பொருத்துவது வேலையைத் தாமதப்படுத்தியது. அதனால் முதலில் நினைத்திருந்ததற்கு மாறாக எல்லாவற்றையும் பெரிதாகச் செய்துவிடலாம் என்று தீர்மானித்தான். கடவுளோடு போட்டி, இயற்கையின் வரம்பை மீறிய அகந்தை என்றெல்லாம் இந்த நாவலைப் பற்றி நெடுங்காலமாகப் பேசிவருகிறோம். ஆனால் அந்தப் பிறவியின் தலையெழுத்தை நிர்ணயித்த முடிவு, கைவேலை சுலபமாக வேண்டும், சீக்கிரம் முடிய வேண்டும் என்ற அவசரத்தில் எடுக்கப்பட்டது. எட்டடி உயரத்தில் ஒருவன் தெருவில் நடந்தால் ஊர் அவனை எப்படிப் பார்க்கும், எந்த வீட்டு வாசலில் அவனை நிற்க விடுவார்கள், எந்தக் குழந்தை அவனைக் கண்டு அலறாது என்று விக்டர் அந்த நேரத்தில் யோசித்ததாக நாவலில் ஒரு வரிகூடக் கிடையாது.

மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கென்ஸ்டைன்' 1818 ஜனவரி 1 அன்று லண்டனில், ஆசிரியர் பெயர் இல்லாமல், மூன்று தொகுதிகளாக, 500 பிரதிகள் அச்சாகி வெளிவந்தது. அவருக்கு அப்போது வயது 20. 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததும், அதனால் மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் போனதும், ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு அடைபட்டுக் கிடந்த கவிஞர் பைரனும், பின்னாளில் மேரியின் கணவரான கவிஞர் ஷெல்லியும் மற்றவர்களும் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவதென்று போட்டி வைத்துக்கொண்டதும் பலரும் எழுதித் தீர்த்த கதைகள். அவற்றை இங்கே விரிக்கப் போவதில்லை. தமிழில் புதுமைப்பித்தன் இதைப் 'பிரேத மனிதன்' என்ற பெயரில் தந்திருக்கிறார் என்பதையும், நான் அடுத்துச் சொல்லப்போவது பெரும்பாலும் 1818ஆம் ஆண்டுப் பதிப்பை வைத்துத்தான் என்பதையும் மட்டும் சொல்லிவிடுகிறேன். மேரி ஷெல்லி 1831இல் திருத்தி வெளியிட்ட பதிப்பில் விக்டரின் செயல்கள் மீது விதியின் நிழல் கூடுதலாக விழுகிறது. முதல் பதிப்பின் விக்டர் தன் முடிவுகளைத் தானே எடுக்கிறான். அதனாலேயே அவனை எனக்குப் பிடித்திருக்கிறது என்றும் சொல்லலாம், மன்னிக்க முடியவில்லை என்றும் சொல்லலாம்.

இந்த நாவலைத் திரும்ப வாசிக்கும்போதெல்லாம் என்னை உறுத்துவது, அந்த ஆய்வறையில் இரண்டாவது ஆள் ஒருவர் இல்லாததுதான். வீட்டின் உச்சியில், மற்ற அறைகளிலிருந்து ஒரு நடையும் மாடிப்படியும் பிரித்துவைத்த தனியறை அது. அறை என்பதைவிடச் சிறைக்கொட்டடி என்றே சொல்ல வேண்டும் என்கிறான் விக்டர். அங்கே உதவியாளன் இல்லை, பேராசிரியர் எட்டிப்பார்ப்பதில்லை, உடன் படித்தவர்கள் யாரும் வந்துபோவதில்லை. நம்மில் பலருக்குத் திரைப்படங்களின் வழியாகப் பழக்கமான கூன் விழுந்த உதவியாளன் மேரி ஷெல்லியின் பாத்திரமே அல்ல. 1823இல் ரிச்சர்ட் பிரின்ஸ்லி பீக் இந்தக் கதையை லண்டனில் நாடகமாக்கியபோது ஃபிரிட்ஸ் என்றொரு வேலைக்காரனைச் சேர்த்தார். 1931இல் ஜேம்ஸ் வேல் இயக்கிய படத்திலும் உதவியாளனுக்கு அதே பெயர்தான். மேடையில் விக்டர் பேச வேண்டுமென்றால் கேட்க ஒரு காது வேண்டும் என்பது நாடகக்காரரின் நியாயமான கஷ்டம். ஆனால் அந்த ஒரு காது வந்து சேர்ந்ததுமே கதையின் முதுகெலும்பு போய்விடுகிறது. எதிரே நின்று கேட்கும் ஒருவனிடம் "எட்டடியாகச் செய்யப் போகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல நேர்ந்திருந்தால், "அவ்வளவு பெரிதாக எதற்கு?" என்ற கேள்வி எப்படியும் வந்திருக்கும்.

விக்டரின் பேராசை எங்கே தொடங்கியது என்று பார்த்தாலும் இதே குறைதான் தென்படுகிறது. பதின்மூன்று வயதில், தோனோன் அருகே ஒரு விடுதியில் மழைக்கு ஒதுங்கியிருந்த நாளில், கொர்னேலியஸ் அக்ரிப்பா என்ற பழைய மாந்திரீக அறிஞரின் நூல் அவன் கைக்குக் கிடைக்கிறது. மகிழ்ச்சியோடு தந்தையிடம் காட்டுகிறான். அவர் முகப்பை அசட்டையாகப் பார்த்துவிட்டு, இது குப்பை, இதில் நேரத்தை வீணாக்காதே என்று சொல்லி முடித்துக்கொள்கிறார். அந்தக் கொள்கைகள் பொய்யென்று நிரூபிக்கப்பட்டு வெகுநாளாயிற்று, இப்போதைய அறிவியல் வேறு வழியில் நிஜமான ஆற்றலோடு வளர்ந்திருக்கிறது என்று தந்தை கொஞ்சம் பொறுமையாக விளக்கியிருந்தால், அந்தப் புத்தகத்தை அன்றே தூக்கி எறிந்திருப்பேன் என்று விக்டர் பின்னால் சொல்கிறான். தன் பழியைத் தந்தையின் தலையில் கட்டுகிறான் என்று இதைத் தள்ளிவிடலாம்தான். ஆனாலும் பையன் ஒருவனின் ஆர்வத்தை ஒற்றைச் சொல்லால் மட்டம்தட்டுவது அந்த ஆர்வத்தை அணைப்பதில்லை, மறைவிடத்துக்குத்தான் அனுப்புகிறது என்பதை இருபது வயதைத் தொடாத ஒரு பெண் கவனித்து எழுதியிருக்கிறாரே என்ற வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

விக்டர் படிக்கப் போகும் ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேராசிரியர்கள் வருகிறார்கள். கிரெம்பே எரிச்சல்காரர்; நீ படித்ததெல்லாம் வீண் என்று முகத்துக்கு நேரே சொல்பவர். வால்ட்மன் இனிமையானவர். பழைய ரசவாதிகள் முடியாததை வாக்களித்து எதையும் சாதிக்கவில்லை, இன்றைய அறிஞர்களோ சேற்றைக் கிளறுவதுபோலவும் நுண்ணோக்கியில் கண் வைத்திருப்பதுபோலவும் தோன்றினாலும் இயற்கையின் மறைவிடங்களுக்குள் புகுந்து அற்புதங்களைச் செய்துவிட்டார்கள் என்று அவர் ஆற்றும் உரைதான் விக்டரைப் பற்றிக்கொள்கிறது. ஹம்ஃப்ரி டேவி 1802இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஆற்றிய வேதியியல் உரையின் தொனி இதில் கேட்கிறது என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. நாவலை எழுதிக்கொண்டிருந்த 1816இன் இலையுதிர் காலத்தில் டேவியின் வேதியியல் நூலை வாசித்ததாக மேரியின் நாட்குறிப்பிலும் இருக்கிறது. ஆனால் அதே வால்ட்மன் தனியே பேசும்போது, வேதியியல் ஒன்றை மட்டும் படிப்பவன் நல்ல வேதியியலாளன் ஆக மாட்டான், கணிதம் உட்பட எல்லாத் துறைகளையும் படி என்று அறிவுரை சொல்கிறார். விக்டர் காதில் முதல் பேச்சு விழுந்த அளவுக்கு இது விழவில்லை.

மேரி ஷெல்லியின் காலத்து அறிவியல், விக்டரின் மாடியறையைப் போன்ற ஒன்றாக இருக்கவே இல்லை. அது சந்தடி மிகுந்த, சண்டை மிகுந்த, ஊர் கூடிப் பார்த்த அறிவியல். செத்த தவளையின் கால் துடிப்பதைக் கண்ட கால்வானி, விலங்குகளின் உடலுக்குள்ளேயே மின்சாரம் இருக்கிறது என்றார். வோல்டா அதை ஒப்பவில்லை. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தொடுவதால் வரும் மின்சாரம் அது என்றார். அந்த வழக்கைத் தீர்க்கப் போய்த்தான் வோல்டா உலோகத் தட்டுகளை அடுக்கி முதல் மின்கலத்தைச் செய்தார், 1800இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதி உலகத்துக்கே அறிவித்தார். கால்வானியின் மருமான் அல்தீனி 1803 ஜனவரியில், மனைவியையும் குழந்தையையும் கொன்றதாக நியூகேட் சிறையில் தூக்கிலிடப்பட்ட ஜார்ஜ் ஃபார்ஸ்டரின் உடலில் மின்சாரம் பாய்ச்சியபோது, தாடை துடித்தது, ஒரு கண் திறந்தது, பிறகு வலக்கை உயர்ந்து முஷ்டி மடங்கியது. அருவருப்பான காட்சிதான். ஆனால் அறுவை மருத்துவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள், செய்தித்தாள்கள் எழுதின, ஆதரித்தவர்களும் திட்டியவர்களும் இருந்தார்கள். உயிர் என்பது உடலோடு சேர்க்கப்பட்ட தனியொரு சக்தியா, உடலின் அமைப்பிலிருந்தே எழுவதா என்று ஆபர்னெத்தி, வில்லியம் லாரன்ஸ் ஆகிய இரண்டு மருத்துவர்கள் லண்டனில் மேடைபோட்டு மோதிக்கொண்டதும் இதே காலத்தில்தான். அந்த லாரன்ஸ் கவிஞர் ஷெல்லிக்கு மருத்துவம் பார்த்தவர். இத்தனை இரைச்சலுக்கு நடுவே வாழ்ந்த மேரி, தன் விஞ்ஞானியை ஒரு சத்தமும் எட்டாத இடத்தில் கொண்டுபோய் வைத்தார் என்றால் அது தற்செயலாக இருக்க முடியாது.

அந்தத் தனிமைக்குள் விக்டர் என்ன கனவு கண்டான் என்பதும் கவனிக்க வேண்டியது. நோயை ஒழிப்பது பற்றி ஆரம்பத்தில் கொஞ்சம் பேசுகிறான். ஆனால் வேலை சூடுபிடித்த பிறகு அவன் மனதில் ஓடுவது நன்றிக்கடன். புதியதோர் இனம் தன்னைப் படைத்தவன் என்று போற்றும், எந்தத் தகப்பனும் தன் பிள்ளையிடம் உரிமையோடு கேட்க முடியாத அளவு நன்றியைத் தான் கேட்கலாம் என்கிறான். பிள்ளைக்குத் தான் என்ன தர வேண்டும் என்ற கணக்கு அதில் வரவே இல்லை. பிறந்த சில நாட்களில் தாயை இழந்த, 1815 மார்ச்சில் தன் முதல் குழந்தையைப் பறிகொடுத்து, அது குளிர்ந்துதான் போயிருந்தது, நெருப்பின் அருகே தேய்த்துவிட்டதும் உயிர் வந்துவிட்டது என்று கனவு கண்டு நாட்குறிப்பில் எழுதிவைத்த ஒருவர் இந்த வரிகளை எழுதினார் என்பதை மனதில் வைத்துத்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

வீட்டுக்குக் கடிதம் எழுதுவதையும் விக்டர் நிறுத்திவிடுகிறான். உன்னிடமிருந்து கடிதம் வராமல் போனால் உன் மற்ற கடமைகளையும் நீ கைவிட்டுவிட்டாய் என்பதற்கு அதையே சாட்சியாக எடுத்துக்கொள்வேன் என்று தந்தை சொல்லியிருந்தது அவனுக்கு நினைவிருக்கிறது, இருந்தும் எழுதவில்லை. இந்த இடத்தில் அவன், கடைசியில் தன்னை ஏற்றிக்கொள்ளும் வடதுருவக் கப்பலின் தலைவன் வால்டனிடம் சொல்லும் ஒரு நீண்ட வாக்கியம் நாவலின் மிகத் தெளிவான வாக்கியங்களில் ஒன்று. வீட்டின் அன்பைக் குலைக்கும் எந்த முயற்சியிலும் மனிதர்கள் இறங்காதிருந்தால், கிரேக்கம் அடிமைப்பட்டிருக்காது, சீசர் தன் நாட்டை விட்டுவைத்திருப்பான், அமெரிக்கா இன்னும் மெல்லக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கும், மெக்சிகோவின், பெருவின் பேரரசுகள் அழிந்திருக்காது என்கிறான். ஆய்வறையின் வெறியையும் படையெடுப்பின் வெறியையும் ஒரே வரிசையில் நிறுத்துகிற வாக்கியம் இது. பின்னால் அந்தப் பிறவி, டி லேசி குடும்பத்தின் குடிலுக்குப் பக்கத்துக் கொட்டகையில் ஒளிந்திருந்து, பிரெஞ்சு அறிஞர் வோல்னியின் சரித்திர நூல் வாசிக்கப்படுவதைச் சுவரிடுக்கு வழியாகக் கேட்கும்போது, அமெரிக்கப் பழங்குடிகளுக்கு நேர்ந்த கதியை எண்ணி, உள்ளே அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சஃபீ என்ற பெண்ணோடு சேர்ந்து அழுகிறது. 1831 பதிப்பில் மேரி ஷெல்லி இன்னொன்றையும் சேர்த்தார். விக்டரின் அருமை நண்பன், நாவலிலேயே நல்லவன் என்று பெயரெடுத்த கிளெர்வல், கீழைத்தேச மொழிகளைப் படிப்பது எதற்காக என்றால், இந்தியாவுக்குச் சென்று அங்குள்ள மொழிகளையும் சமூகத்தையும் பற்றிய தன் அறிவைக் கொண்டு ஐரோப்பியக் குடியேற்றத்துக்கும் வணிகத்துக்கும் உதவுவதற்காக. நாவல் இதைப் பாராட்டாகத்தான் சொல்கிறது. மெக்சிகோவையும் பெருவையும் பற்றிய வாக்கியத்தை எழுதிய அதே பேனாவில் இதுவும் வந்தது என்பதை நான் எப்படியும் சமாதானப்படுத்திக்கொள்ள முயன்றதில்லை.

நான் சில ஆண்டுகள் ஒரு வேதியியல் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்ட மாணவனாக இருந்தவன். விக்டரை எனக்குக் கொஞ்சம் தெரியும் என்று சொல்லிக்கொள்ள அதுவே தகுதி. இரவு இரண்டு மணிக்கு, புற ஊதா விளக்கின் கீழே பிடித்த டிஎல்சி தகட்டில் (ஒரு கலவையில் உள்ள சேர்மங்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் சிறு தகடு அது), எதிர்பார்த்த உயரத்தில் ஒரு கரும்புள்ளி தெரியும்போது வரும் கிறுகிறுப்பு இருக்கிறதே, அதற்குப் பசி தெரியாது, வீட்டிலிருந்து வந்த தவறிய அழைப்புகள் தெரியாது. மறுநாள் அந்தத் தகட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பெருமையோடு காட்டினால், எங்கள் சீனியர் அக்கா முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், "பக்கத்திலேயே ஸ்டார்ட்டிங் மெட்டீரியலையும் வைத்து ஓட்டினாயா, தம்பி?" என்பார். நான் பார்த்த புள்ளி, வினையில் மாறாமல் மிஞ்சிய மூலப்பொருளாகவே இருக்கலாம் என்பது அதன் பொருள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்த நாட்களும் உண்டு, இல்லாத நாட்களும் உண்டு. சனிக்கிழமைக் குழுக் கூட்டத்தில் இதைவிட மோசமான கேள்விகள் வரும். ஆய்வுக் குறிப்பேட்டில் பக்கங்களுக்கு எண் போட்டிருக்க வேண்டும், தாளைக் கிழிக்கக் கூடாது, தவறாக எழுதியதை ஒரே கோடால் அடிக்க வேண்டும், வாரக் கடைசியில் வழிகாட்டி பார்த்துக் கையொப்பமிட வேண்டும். இரவில் ஆய்வுக்கூடத்தில் தனியாக ஒருவர் வேலை செய்யக் கூடாது என்று கதவிலேயே ஒட்டியிருக்கும். இவை எல்லாமே அப்போது எனக்குத் தொல்லையாகத்தான் தோன்றின. தீ விபத்துக்குப் பயந்து போட்ட விதிகள் என்று நினைத்திருந்தேன். விக்டரைத் திரும்ப வாசித்தபோது, நெருப்பைவிடப் பெரிய ஒன்றையும் அவை காவல் காத்திருக்கின்றன என்று தோன்றியது.

விக்டரும் குறிப்பேடு எழுதியிருக்கிறான். நாவலின் மிகக் கொடூரமான செய்தி என்று நான் நினைப்பது அந்தக் குறிப்பேட்டைப் பற்றியதுதான், எந்தக் கொலையும் அல்ல. நவம்பர் மாத இரவு ஒன்றில், மணி ஒன்றாகி, மழை சன்னலில் தட்ட, மெழுகுவத்தி அணையும் தறுவாயில், அந்த உடலின் மங்கிய மஞ்சள் கண் திறக்கிறது. அழகாக இருக்க வேண்டும் என்று தேடித் தேடிப் பொருத்திய கருங்கூந்தலும் முத்துப் பற்களும், சுருங்கிய தோலுக்கும் நீர் கோத்த கண்களுக்கும் கறுத்த உதடுகளுக்கும் நடுவே பயங்கரமாகத் தெரிய, விக்டர் அறையை விட்டு ஓடிவிடுகிறான். அந்தப் பிறவி குளிருக்கு அவனுடைய உடை ஒன்றை எடுத்துப் போர்த்திக்கொண்டு காட்டுக்குப் போகிறது. பல மாதங்கள் கழித்து, எழுத்துக் கற்றுக்கொண்ட பிறகு, அந்த உடையின் பையில் கிடந்த தாள்களை வாசிக்கிறது. தன்னை உருவாக்குவதற்கு முந்தைய நான்கு மாதங்களில் நடந்த ஒவ்வொரு படியும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. தன் உருவம் எவ்வளவு அருவருப்பானது என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. விக்டரின் ஆய்வுக் குறிப்பேட்டை உலகத்தில் முதன்முதலாக வாசித்த ஆள், அந்த ஆய்வின் விளைவேதான். கேள்வி கேட்க வேண்டிய கட்டத்தில் யாரும் அதைப் பார்க்கவில்லை. பார்த்தபோது கேட்க மிச்சமிருந்த ஒரே கேள்வி, நீயே அருவருத்துத் திரும்பிக்கொள்ளும்படியான ஒன்றை ஏன் செய்தாய் என்பது.

பிறகு வரும் சாவுகள் அனைத்திலும் இந்த வாய்மூடலுக்குப் பங்கு இருக்கிறது. தம்பி வில்லியம் ஜெனீவாவின் பிளான்பலே வெளியில் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடக்கிறான். பழி வீட்டில் வளர்ந்த ஜஸ்டின் மேல் விழுகிறது. அவள் சட்டைப்பையில் குழந்தையின் கழுத்திலிருந்த படம் அகப்பட்டிருக்கிறது. கொன்றது யாரென்று விக்டருக்கு மட்டும் தெரியும். சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறான். பாவமன்னிப்புக் கொடுக்க வந்த பாதிரியார் நரக நெருப்பைக் காட்டி மிரட்டியதில், செய்யாத கொலையைச் செய்ததாக அந்தப் பெண் ஒப்புக்கொள்கிறாள், தூக்கில் போடுகிறார்கள். இந்த அத்தியாயத்தில் விக்டர், குற்றம் சாட்டப்பட்டவள் பட்ட வேதனைகூடத் தன் வேதனைக்கு ஈடில்லை, அவளுக்காவது குற்றமற்றவள் என்ற ஆறுதல் இருந்தது என்று சொல்கிறான். இரண்டொரு நாளில் கயிற்றில் தொங்கப்போகிறவள் அவள். விக்டரின் அறிவியல் வெறியைப் பற்றி எழுதுகிறவர்கள் அவன் கல்லறைகளைத் தோண்டியதை மேற்கோள் காட்டுவார்கள். நான் இந்த வாக்கியத்தைக் காட்டுவேன். தன் திட்டம் ஒன்றே உலகம் என்று இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தவனுக்கு, திட்டம் நொறுங்கிய பிறகு தன் துயரம் ஒன்றே உலகமாகிவிட்டது.

விக்டர் மணக்கும் எலிசபெத்தின் சாவும் அப்படித்தான் நேர்கிறது. உன் திருமண இரவில் உன்னோடு இருப்பேன் என்று அந்தப் பிறவி எச்சரித்துவிட்டுப் போகிறது. தன்னைத்தான் கொல்ல வருகிறது என்பதைத் தவிர வேறெந்தப் பொருளும் விக்டருக்குத் தோன்றுவதில்லை. தன்னிடம் ஒரு பயங்கர ரகசியம் இருப்பதாகவும், திருமணத்துக்கு மறுநாள் அதைச் சொல்வதாகவும் எலிசபெத்துக்குக் கடிதம் எழுதுகிறான். மறுநாள்! எவியான் விடுதியில், கைத்துப்பாக்கியோடு நடையில் உலாவிக்கொண்டு, அவளை மட்டும் உள்ளே படுக்க அனுப்பிவிடுகிறான்.

ஒரே ஓர் இடத்தில் விக்டர் விளைவுகளை முன்கூட்டி யோசிக்கிறான். துணை ஒன்று வேண்டும் என்று அந்தப் பிறவி கேட்டதற்கு இணங்கி, ஆர்க்னித் தீவுகளில் ஒன்றுக்குப் போகிறான். ஐந்தே பேர் வாழும் பாறைத்தீவு, மூன்று குடிசைகள். அங்கே வேலை பாதி முடிந்த நிலையில், இவள் அவனை வெறுத்தால் என்ன, இவர்கள் பெருகினால் என்ன, இவள் கொடுக்காத வாக்குக்கு இவள் ஏன் கட்டுப்பட வேண்டும் என்று அவனுக்குக் கேள்விகள் எழுகின்றன. நல்ல கேள்விகள்தான், குறிப்பாகக் கடைசிக் கேள்வி. ஆனால் இந்த வேலைக்குத் தேவையான புதிய கண்டுபிடிப்புகளைத் தெரிந்துகொள்ளவே இங்கிலாந்துக்கு வந்து, அறிஞர்களைச் சந்தித்து, லண்டனில் மாதக்கணக்கில் தங்கியவன் அவன். அவர்களில் ஒருவரிடமாவது மனம் விட்டுப் பேசியிருக்கலாம். கூடவே பயணம் வந்த கிளெர்வலிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேள்வியும் அவனுடையது, தீர்ப்பும் அவனுடையது, தண்டனையும் அவன் கையாலேயே. செய்துகொண்டிருந்த உடலை, சன்னலுக்கு வெளியே மற்றவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிய்த்துப் போடுகிறான். பிறகு, குடியானவர்கள் கண்ணில் பட்டால் சந்தேகம் வரும் என்று மிச்சங்களை ஒரு கூடையில் போட்டு, மேலே கற்களை நிரப்பி, கருவிகளைக் கடற்கரையில் உட்கார்ந்து கழுவி, நிலா எழுந்த பின்னிரவில் படகில் கொண்டுபோய்க் கடலில் இறக்குகிறான். தொடக்கத்தில் இருந்த அவசரமும் மறைப்பும் அழிப்பதிலும் அப்படியே இருக்கின்றன.

இத்தனைக்கும் பிறகு விக்டர் திருந்தினானா என்றால் இல்லை. வடதுருவப் பனியில் வால்டனின் கப்பலில் சாகக் கிடக்கும்போது, தன் கடந்த காலத்தைப் பரிசீலித்துப் பார்த்ததாகவும் அதில் குற்றம் எதுவும் தென்படவில்லை என்றும் சொல்கிறான். அமைதியில் மகிழ்ச்சியைத் தேடு, பேராசையைத் தவிர், அறிவியலில் பெயரெடுக்கும் ஆசையைக்கூடத் தவிர் என்று வால்டனுக்கு உபதேசம் செய்கிறான். இந்த இடத்தோடு மேற்கோளை நிறுத்திக்கொள்பவர்கள் அநேகம் பேர். அடுத்த மூச்சிலேயே அவன், நான் ஏன் இதைச் சொல்ல வேண்டும், நான் தோற்றேன், இன்னொருவன் வெல்லலாம் என்று முடிக்கிறான். செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் மரபணுத் திருத்தத்தைப் பற்றியும் எழுதுகிறவர்கள் இந்த நாவலை எச்சரிக்கைப் பலகையாக நட்டுவைக்கும்போது, அந்தக் கடைசி வரியையும் சேர்த்தே நட வேண்டும்.

வால்டனும் விக்டரைப் போன்றவன்தான். துருவத்துக்கு வழி கண்டுபிடிக்கும் வெறியில் இருப்பவன். தான் தேடும் அறிவுக்கு ஒரு மனிதனின் உயிரோ சாவோ மிகச் சிறிய விலை என்று 1831 பதிப்பில் சொல்லவும் செய்கிறான். ஆனால் அவனுக்கு விக்டருக்கு இல்லாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. இங்கிலாந்தில் மார்கரெட் என்றொரு அக்கா இருக்கிறாள். கடிதம் போய்ச் சேருமா என்று தெரியாத இடத்திலிருந்தும் அவளுக்கு எழுதிக்கொண்டே இருக்கிறான், நாம் வாசிக்கும் நாவல் முழுவதுமே அந்தக் கடிதங்கள்தான். இரண்டாவது, அவன் கப்பலில் ஆட்கள் இருக்கிறார்கள்.

செப்டம்பர் மாதம், சுற்றிலும் பனிமலைகள் நெருக்கிக்கொண்டிருக்க, சிலர் ஏற்கெனவே குளிரில் இறந்துவிட்டிருக்க, மாலுமிகள் தங்கள் சார்பில் ஐந்தாறு பேரைக் கேப்டனின் அறைக்கு அனுப்புகிறார்கள். பனி விலகி வழி கிடைத்தால் உடனே தெற்கே திரும்புவதாக வாக்குத் தர வேண்டும் என்று கேட்கிறார்கள். வால்டன் பதில் சொல்வதற்குள், கண் திறக்கவே தெம்பில்லாமல் கிடந்த விக்டர் எழுந்து உட்கார்ந்து முழங்குகிறான்: இதைப் புகழ்மிக்க பயணம் என்றவர்கள் நீங்கள்தானே, இந்தப் பனி உங்கள் நெஞ்சின் உறுதிக்கு முன் நிற்குமா, ஆண்களாக இருங்கள், அதற்கும் மேலானவர்களாக இருங்கள் என்கிறான். அருமையான பேச்சு, மாலுமிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாயடைத்து நிற்கிறார்கள். தன் வாழ்நாளில் விக்டர் ஒரு குழுவின் முன் நின்று தன் ஆசையை எடுத்து வைத்தது இந்த ஒருமுறைதான். அவர்கள் கேட்டார்கள், உருகவும் செய்தார்கள், யோசித்துப் பார்த்தார்கள், மனதை மாற்றிக்கொள்ளவில்லை.

வால்டன் இரண்டு நாள் கழித்துத் திரும்பச் சம்மதிக்கிறான். ஞானம் பெற்றுச் சம்மதிக்கவில்லை. கோழைத்தனமும் தயக்கமும் என் நம்பிக்கைகளைப் பாழாக்கிவிட்டன, எதையும் அறியாமல் ஏமாற்றத்தோடு திரும்புகிறேன், இந்த அநியாயத்தைப் பொறுத்துக்கொள்ள என்னிடம் இருப்பதைவிடக் கூடுதலான தத்துவம் வேண்டும் என்று அக்காவுக்குப் புலம்பி எழுதுகிறான். அநியாயம் என்று அவன் சொல்வது, உயிரோடு ஊர் திரும்ப வேண்டும் என்று அவன் ஆட்கள் கேட்டதை. சில நாட்களில் பனி பிளந்து தெற்கே வழி திறந்ததும், மாலுமிகள் நெடுநேரம் ஓயாமல் ஆரவாரம் செய்கிறார்கள். அந்தச் சத்தத்தில் விழித்த விக்டர் என்ன கூச்சல் என்று கேட்கிறான். "சீக்கிரமே இங்கிலாந்துக்குத் திரும்பப் போகிறார்கள், அதனால் கத்துகிறார்கள்" என்கிறான் வால்டன். அப்படியானால் நிஜமாகவே திரும்புகிறாயா என்று விக்டர் கேட்க, அவர்கள் கோரிக்கையை என்னால் மறுக்க முடியவில்லை, விருப்பமில்லாதவர்களை ஆபத்துக்குள் இழுத்துக்கொண்டு போக முடியாது என்று வால்டன் பதில் சொல்கிறான். நீ வேண்டுமானால் உன் நோக்கத்தை விட்டுவிடு, என்னுடையது வானகம் எனக்கு விதித்தது என்று சொல்லிவிட்டு, நிற்கத் தெம்பில்லாத விக்டர் படுக்கையிலிருந்து எழப் பார்க்கிறான்.